ஊசியை நிறுத்திக் குளிசைக்கு மாற்றலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. நிமோனியாவுக்காகக் கொழும்பு மருத்துவமனை ஒன்றில் மூன்று நாட்களாக செஃப்ட்ரியாக்ஸோன் என்ற அன்டிபயோட்டிக் ஊசி ஏற்றினார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது கோ-அமொக்சிக்லாவ் குளிசை எழுதி, நாளை டிக்கெட் வெட்டி வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் டொக்டர். இன்னும் இரண்டு நாள் ஊசி போடச் சொல்லிக் கேட்கலாமா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: கேட்க வேண்டாம். ஊசிதான் மருந்து, குளிசை ஒப்புக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. மூச்சுத் திணறி, ஒரு வாய் கஞ்சி இறங்காமல் வந்த அன்று ஊசி தேவைதான். இப்போது சாப்பிடுகிறார், குடலும் மருந்தை உறிஞ்சும். மருந்தின் பெயர் மாறியதைப் பார்த்தும் பயப்படாதீர்கள். செஃப்ட்ரியாக்ஸோன் குளிசையாக வருவதே இல்லை.

காய்ச்சல் விட்டது மட்டும் போதாது என்பது உண்மை. வாட்டில் தாதியர் குறித்துவைக்கும் அளவுகளைக் கேட்டுப் பாருங்கள்: வெப்பநிலை 37.8 பாகை செல்சியசுக்குள், நாடி நிமிடத்துக்கு 100க்குள், மூச்சு 24க்குள், இரத்த அழுத்தத்தின் மேல் எண் 90க்குக் குறையாமல், ஒட்சிசன் வைக்காமலே இரத்தத்தின் ஒட்சிசன் செறிவு 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆளும் தெளிவாகப் பேச வேண்டும், விழுங்கியது வாந்தியாக வரக் கூடாது. இவ்வளவும் சரியென்றால் கையில் ஊசி ஏற்றும் குழாயான கனூலாவை வைத்திருப்பதில் இலாபமில்லை. நரம்பு வீங்கிச் சிவக்கும், அந்தத் துளை வழியே புதுக் கிருமியும் நுழையலாம். நெஞ்சறையில் சீழ் கட்டியிருந்தாலோ, இரத்தப் பரிசோதனையில் ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமி வளர்ந்திருந்தாலோ கதை வேறு. அப்படி ஏதும் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வீட்டில் கோ-அமொக்சிக்லாவைச் சாப்பாட்டோடு கொடுங்கள்; வயிற்றுப் புரட்டல் குறையும். அதற்குப் பதில் லெவோஃப்ளொக்ஸசின் என்ற அன்டிபயோட்டிக்கைக் கொடுத்தால் மட்டும் கவனம்: கல்சியம், இரும்புச்சத்துக் குளிசை, வாயு மருந்து எல்லாம் அதைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வயதானவர்களின் மருந்துப் பெட்டியில் கல்சியம் இல்லாத வீடு கொழும்பில் அபூர்வம்! அன்டிபயோட்டிக் எத்தனை நாள் என்பதை, டிக்கெட் வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் எழுதி வாங்குங்கள். ஊசி போட்ட நாட்களும் அந்தக் கணக்கில் சேரும்.

இருமலும் அசதியும் சில வாரம் இழுக்கும். அதற்காகப் பாமசியில் இன்னொரு அன்டிபயோட்டிக் வாங்க வேண்டாம். இருமல் குறையாமலே நீடித்தால் மார்பு கிளினிக்கில் சளியைப் பரிசோதியுங்கள், காசநோய் ஒளிந்திருக்கலாம். காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சுக் குழம்பினாலோ கிளினிக் திகதிக்குக் காத்திராமல் அன்றே அழைத்துப் போங்கள்.