பேக்கேஜ் இறக்கும் கருவி: கேட்டவையும் பதில்களும்

டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் பேக்கேஜ்களை, அதாவது மென்பொருள் பொதிகளை, இணையத்திலிருந்து இறக்கித் தரும் எளிய கருவி ஒன்றை எழுதும் மாணவர்களும், அதைப் பயன்படுத்தப்போகிறவர்களும் கேட்டவை.

நாகர்கோவில், கல்லூரி மாணவர்: அண்ணே, முதல் திரையில என்ன வைக்கணும்?

ஒரே ஒரு தேடல் பெட்டி போதும் தம்பி. ஆனா பேக்கேஜ் பெயர் தெரிஞ்சவங்கதான் வருவாங்கன்னு நினைக்காதீங்க. "படம் வரைய"ன்னு அடிச்சா ஜிம்ப், இங்க்ஸ்கேப் மாதிரி வரையுற மென்பொருள்கள் வரணும். அதுக்கான தமிழ்ச் சொற்பட்டியலை நீங்களே உட்கார்ந்து எழுதுங்க.

குலசேகரம், கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர்: பாதியில கரண்ட் போனா மறுபடி முதல்ல இருந்தா?

கூடவே கூடாது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, மழைன்னா கரண்ட் போகும். இதைச் சரியா செய்யாத கருவி இங்க உதவாது. இறங்கின வரை தனி ஃபைலா வச்சுக்கிட்டு, அடுத்த பைட்டிலிருந்து கொடுன்னு சர்வரைக் கேட்கலாம். சர்வரோட பதில் எண் 206 என்று வந்தா மீதி மட்டும் வருதுன்னு அர்த்தம், ஒட்டிக்கலாம். 200 வந்தா முழு ஃபைலும் வருது. பழசோட ஒட்டினீங்கன்னா ஃபைல் கெட்டுப்போகும், முதல்ல இருந்து எழுதுங்க. முடிஞ்சதும் ஃபைல் மாறாம வந்திருக்கான்னு பார்க்கிற எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு கட்டாயம். திரையில பிழை எண்ணைக் காட்டாதீங்க. "180 எம்பி பத்திரமா இருக்கு, இன்னும் 60 எம்பி" என்று சொல்லி, பக்கத்துல "தொடர்" பொத்தான் வைங்க. பாக்கிறவங்களுக்கு நிம்மதி வரும்.

கொல்லங்கோடு, இல்லத்தரசி: செல்போன் நெட்டுதான் தம்பி. எவ்வளவு டேட்டா போகும்னு முன்னாடியே தெரியுமா?

தெரியணும் அக்கா, தொடங்குறதுக்கு முன்னாடியே காட்டணும். கருவி எழுதுறவங்க கவனிங்க: பேக்கேஜ் பட்டியலில் இறக்கும் அளவு பைட்டில் இருக்கும், நிறுவிய பின் பிடிக்கும் இடம் கிலோபைட்டில் இருக்கும். ரெண்டையும் ஒரே அலகுன்னு எடுத்தா கணக்கு கோணலாகும். அது இயங்கத் தேவைப்பட்டு கூட வர்ற சார்புப் பேக்கேஜ்களையும் சேருங்க, ஏற்கெனவே இருக்கிறதைக் கழியுங்க.

பேச்சிப்பாறை, ஆசிரியை: பள்ளியில நெட்டே இல்லை சார். பென்டிரைவ்ல கொண்டுபோகலாமா?

தாராளமா டீச்சர். முதல்ல பள்ளிக் கணினியில என்னென்ன இருக்குன்னு பட்டியல் எடுத்துட்டு வரணும். அது இல்லாம இறக்கினா அங்க போய் "இன்னொண்ணு குறையுது"ன்னு நிக்கும், மறுபடி மலையேறணும். ஆப்ட்-ஆஃப்லைன்னு ஏற்கெனவே இருக்கிற கருவி இந்த வேலையைத்தான் செய்யுது. அதுக்கு மேல எளிய திரை ஒண்ணு கட்டினாலே போதும். கணினி பழைய 32-பிட்டான்னும் பாருங்க: 2025-ல் வந்த டெபியன் 13-க்கு 32-பிட் பிசி இன்ஸ்டாலர் கிடையாது.

மார்த்தாண்டம்: ஏதோ ஒரு தளத்துல கிடைக்கிற டெப் ஃபைலையும் (டெபியன் பேக்கேஜ் ஃபைல்) இறக்க வசதி கொடுக்கலாமா?

வேண்டாம். டெபியனோட சொந்த மென்பொருள் களஞ்சியத்தின் பட்டியலுக்கு டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கு, அதைச் சரிபார்க்கலாம். கண்ட தளத்து ஃபைலுக்கு யார் பொறுப்பு?

குளச்சல்: இறக்கும்போது அடிக்கடி 404, அதாவது "ஃபைல் இல்லை"ன்னு வருது.

உங்க கணினியிலுள்ள பட்டியல் பழசு. சர்வரில் புதுப் பதிப்பு வந்து பழையதை எடுத்திருப்பாங்க. பட்டியலைப் புதுப்பிச்சிட்டு கருவியே ஒரு தடவை மறுபடி முயலணும், பயன்படுத்துறவர்கிட்ட கேட்க வேண்டியதில்லை.