காகத்துக்கு 'கட்' சொல்ல முடியாது: படப்பிடிப்பு ஒலி பற்றிக் கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, குறும்படம் எடுக்கிறோம், காசு குறைவு. எந்த மைக் வாங்கலாம்?

மைக்கை விட அதை எங்கே பிடிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம் தம்பி. பேசுபவரிடமிருந்து தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலி பெரிதாகக் குறையாது. கமெராவின் தலையில் பூட்டிய விலை கூடிய மைக், வாயிலிருந்து இரண்டடியில் பிடித்த சாதாரண மைக்கிடம் தோற்றுப்போகும். முதலில் ஹெட்ஃபோன் வாங்குங்கள். அது இல்லாமல் ரெக்கோட் பண்ணுவது கண்ணை மூடிக்கொண்டு காலி வீதியைக் கடப்பது.

தெஹிவளையிலிருந்து: ஷொட்கன் மைக் வைத்தும் வீட்டுக்குள் குரல் கிணற்றுக்குள் பேசுவது போல வருகிறது.

அந்த மைக்கின் நீளக் குழாயில் பக்கத் துவாரங்கள் இருக்கும். பக்கத்திலிருந்து வரும் ஒலி அவற்றின் வழியே முன்பின்னாக நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெளியில் இது நன்றாக வேலை செய்யும். சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் வீடுகளில் எதிரொலி எல்லாப் பக்கமும் இருந்து வருவதால் குரலின் நிறமே மாறிவிடும். உள்ளே ஹைப்பர்கார்டியோயிட் மைக், அதாவது அந்த நீளக் குழாய் இல்லாமலே முன்பக்கக் குரலைக் கூடுதலாக எடுக்கும் மைக், நல்லது. இல்லையென்றால் கமெராவுக்குத் தெரியாத பக்கமெல்லாம் மெத்தை, கம்பளி, தடித்த திரைச்சீலை.

ஃபேனையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். வண்டிச் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். நான் ஒருமுறை மறந்தேன். வீட்டுக்கார அம்மாவின் பாரை மீனுக்குப் பணம் கொடுத்தேன்.

மருதானையிலிருந்து: லெவல் எவ்வளவு வைப்பது?

ரெக்கோடரில் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள், பேச்சின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபல் பக்கம். 32 பிட் ஃபுளோட் ரெக்கோடர் இருந்தால் திடீரெனக் கத்தினாலும் சமாளிக்கலாம். ஆனால் மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை அதுவும் காப்பாற்றாது. ஹெட்ஃபோன் போட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: நல்ல மைக் ஒன்று சொல்லுங்கள்.

முதல் பதில்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எதற்கு இவ்வளவு பாடு? டப்பிங் செய்தால் முடிந்தது. தமிழ்ப் படங்களில் காலகாலமாக அதைத்தானே செய்கிறார்கள்?

சரி, சண்டைக்கே வந்துவிட்டீர்கள். டப்பிங் கலைஞரும் ஸ்டூடியோவும் இருந்தால் செய்யுங்கள், தப்பில்லை. நம் குறும்படங்களில் நடிப்பவர் யார்? பக்கத்து வீட்டு மாமா, மலையகத்திலிருந்து வந்த ஆச்சி. அந்த ஆச்சி அழுதுகொண்டே சொன்ன வசனத்தை, இரண்டு மாதம் கழித்துக் கண்ணாடி அறையில் உதட்டசைவு பார்த்துத் திரும்பச் சொல்லச் சொல்வீர்களா? சொல்லுவார், பாடம் ஒப்பிப்பது போல. மட்டக்களப்புப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஸ்டூடியோவுக்குள் போனதும் மேடைத் தமிழாகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் கொட்டாஞ்சேனை: ஆச்சி சரி அண்ணா. காகம், ஓட்டோ, கடற்கரை ரயில்?

நியாயமான கேள்வி. ரயிலுக்கு நேர அட்டவணை இருக்கிறது. பிந்தி வந்தாலும் காத்திருக்கலாம். காகம் கேட்பது பிரச்சினை இல்லை, கொழும்பில் காகம் இல்லாவிட்டால்தான் சந்தேகம் வரும். ஒரு ஷொட்டில் கத்திய காகம் அடுத்த ஷொட்டில் பாதியில் வாயை மூடுவதுதான் பிரச்சினை. ஆகவே ஒவ்வொரு இடத்திலும், எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் அந்த இடத்தின் சும்மா சத்தத்தைப் பதியுங்கள். எடிட்டிங்கில் ஷொட்டும் ஷொட்டும் சேரும் வெட்டின் அடியில் அதை விரித்துவிடலாம். ஓட்டோ விழுந்த வசனத்தை, கமெரா இல்லாமல், அதே இடத்தில், அந்த உணர்ச்சி ஆறுவதற்குள் இரண்டு தரம் சொல்ல வையுங்கள். டப்பிங்கில் பாதி இது, ஒத்துக்கொள்கிறேன்.

வத்தளையிலிருந்து: பட்டுச் சேலையில் குத்திய லேப்பல் மைக் (உடையில் மாட்டும் சின்ன மைக்) சரசரக்கிறது.

பருத்திக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் துணியின் இரண்டு பக்கமும் மைக்கோடு சேர்த்து டேப் ஒட்டுங்கள்.

கல்கிசையிலிருந்து: கிளாப் பலகை இல்லை.

படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த, கமெராவுக்கு முன்னால் ஒரு கைதட்டு போதும்.

மறுபடியும் வெள்ளவத்தை: அண்ணா, மைக் பெயர் சொல்லவில்லையே?

ஹெட்ஃபோன் வாங்கிவிட்டீர்களா?