லேபில் ரீடிங் கேட்கிறார்கள், சொல்லலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் போய் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டு லேபில் 30 பேருக்கு ஒரே மிஸ் என்பதால் என்னை உதவிக்கு நிற்கச் சொல்கிறார். போனால் எல்லோரும் "அக்கா, ரீடிங் எவ்வளவு வரும்?" என்றே கேட்கிறார்கள். சொல்லலாமா?
– ஒரு வாசகி, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம், கேரளம்

பதில்: கண்டிப்பாகப் போங்கள்மா. ரீடிங்கை மட்டும் சொல்லாதீர்கள்.

மாணவரை வைத்தே மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம்தான். திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மாணவராகச் சட்டாம்பிள்ளை இருந்தார். சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பெரிய பையன்கள் சின்னவர்களுக்குக் கற்றுத்தந்த அனுபவத்தை 1797ல் லண்டனில் புத்தகமாகப் போட, அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் வந்தது. ஆனால் சட்டாம்பிள்ளையின் வேலை பாடத்தை ஒப்பிக்க வைப்பது. உங்கள் வேலை கேள்வி கேட்பது.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைப் பிளாஸ்கில் உள்ள ஆக்சாலிக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவானது என்று பார்ப்பதுதானே ரீடிங். பிளாஸ்கில் பழுப்பாகக் கலங்கினால் "கொட்டிவிட்டு மறுபடி செய்" என்று சொல்லாமல், ஆசிட் போதுமான அளவு விட்டாயா, ஆக்சாலிக் கரைசல் 60 டிகிரி சூட்டில் இருந்ததா, பியூரெட்டை அவசரமாகத் திறந்தாயா என்று கேளுங்கள், அவளே கண்டுபிடிப்பாள். அடர்ந்த ஊதா நிறத்தில் பியூரெட்டில் திரவ மட்டத்தின் கீழ்வளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும் என்பதை முதலாண்டில் நீங்களே தடுமாறித்தானே கற்றிருப்பீர்கள்? அந்தத் தடுமாற்றம் இன்னும் மறக்காததுதான் உங்கள் பலம், எங்களைப் போன்ற பழைய வாத்தியார்களுக்கு அது எப்போதோ மறந்துபோச்சு.

அப்புறம் மொழி. பள்ளியில் தமிழ் மீடியம் படித்துவிட்டு வந்த பிள்ளை, மலையாளத்திலும் இங்கிலீஷிலும் நடக்கும் லேபில் வாயே திறக்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடும். அதனிடம் தமிழில் "எங்கம்மா சிக்குது?" என்று கேட்க நீங்கள் ஒருத்தர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா!

ஆனால் மிஸ்ஸிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இப்படி உதவும் மாணவர்கள் வாரந்தோறும் ஆசிரியரோடு உட்கார்ந்து பாடத்தைத் தயார் செய்கிறார்கள், எப்படிக் கேள்வி கேட்பது என்றே தனி வகுப்பும் உண்டு. உங்களுக்கு லேபுக்கு முன்னால் அரை மணி நேரமாவது கிடைக்க வேண்டும், அந்தப் பரிசோதனையை ஒருமுறை நீங்களே செய்து பார்க்க. இன்னொன்று, ரெக்கார்டுக்கு மார்க் போடும் வேலை உங்களிடம் வரவே கூடாது. மார்க் கையில் வந்த அன்றைக்கே அந்தப் பிள்ளைகள் உங்களிடம் தப்பை மறைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.