செவ்வாய் இரவு வேட்டுச் சத்தம் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் டெக்சாஸில் காலேஜ் ஸ்டேஷன் ஊரில், ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொறியியல் படிக்க வந்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு லேபிலிருந்து கிளம்பினால் வளாகமே இருட்டாக இருந்தது. திடீரென்று துப்பாக்கி வேட்டு. பயந்துபோய் ஒரு சுவரோரம் ஒதுங்கி நின்றுவிட்டேன். இறந்துபோன மாணவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று அப்புறம் சொன்னார்கள். மாணவர் மையத்துப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது, உள்ளே போனால் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று இங்கே எல்லாமே ராணுவ வழக்கம்தான். அறைத்தோழர்களோடு தினமும் வாக்குவாதம். "இது பல்கலைக்கழகமா, பாசறையா?" என்கிறார் ஒருவர். "பிடிக்காதவன் ஏன் இங்கே வந்தான்?" என்கிறார் இன்னொருவர். சிந்திக்கக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அணிவகுப்புக்கு என்ன வேலை? உங்கள் கருத்தை அறிய ஆசை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வேட்டுச் சத்தம் அந்த வளாகத்தில் இருக்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் "பிடிக்காதவன் ஏன் வந்தான்" என்ற பேச்சை என்னால் ஏற்கவே முடியாது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பதால்தான் பதில் கொஞ்சம் நீள்கிறது.

அங்கே ராணுவம் பிற்பாடு வந்து புகுந்துகொள்ளவில்லை. 1862இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு நிலம் கொடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். மோரில் சட்டம் என்று பெயர். போர்ப்பயிற்சியும் பாடத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்தச் சட்டத்தால் பிறந்து 1876இல் திறக்கப்பட்டதுதான் உங்கள் பல்கலைக்கழகம். சேர்ந்தவர்கள் பல தலைமுறைகளுக்குக் கேடட்டாகவே, அதாவது சீருடை போட்டு ராணுவப் பயிற்சி பெறும் மாணவராகவே படித்தார்கள்.

அதை மாற்றியவர் யார் என்பதை உங்கள் அறைத்தோழர்கள் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேம்ஸ் ஏர்ல் ரட்டர். இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று, பிரான்சின் நார்மண்டியில் பாயிண்ட் டு ஹோக் என்ற செங்குத்தான பாறையில் கயிறு பிடித்து ஏறிய அமெரிக்க ரேஞ்சர் படைக்குத் தளபதி. அங்கே காயமும் பட்டவர். அவர் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த காலத்தில்தான், 1963இல், பெண்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் கதவு திறந்தது. 1965இல் கேடட் பயிற்சி கட்டாயம் இல்லை என்றானது. பழைய மாணவர்கள் கொதித்தார்கள். பாசறை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் அப்படி இருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் அவரே. இன்று அங்கே படிக்கும் 70,000க்கும் மேற்பட்டவர்களில் கேடட்கள் இரண்டாயிரம் சொச்சம் பேர்தான்.

இப்போது நீங்கள் கேட்ட வேட்டுக்கு வருகிறேன். சில்வர் டாப்ஸ் என்று பெயர். முந்தைய மாதத்தில் மாணவர் யாராவது இறந்திருந்தால், மாதத்தின் முதல் செவ்வாய் இரவு நடக்கும். பகலிலேயே கொடிமரத்தடியில் ஒரு சிறிய அட்டையில் இறந்தவரின் பெயர், படித்த துறை எல்லாம் எழுதி வைத்துவிடுவார்கள். இரவில் விளக்குகளை அணைக்கிறார்கள். மாணவர்கள் பேச்சில்லாமல் வந்து நிற்கிறார்கள். இறந்தவரின் குடும்பத்தாரும் வருவார்கள். கேடட் அணி மூன்று முறை வேட்டு வைக்கிறது. பிறகு வடக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று திசை நோக்கி ஊதுகொம்பு ஒலிக்கிறது. கிழக்கு நோக்கி ஊதுவதில்லை. இறந்தவருக்கு இனிச் சூரியன் உதிக்காது என்பதால்.

இந்த மரியாதையில் இறந்தவர் கேடட்டா, சீருடை போட்டவரா என்று யாரும் கேட்பதில்லை. சாலை விபத்தில் போன உயிரியல் மாணவிக்கும் இதேதான். வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வு மாணவருக்கும் இதேதான். போர்வீரனுக்கென்று வைத்திருந்த உச்ச மரியாதையை எடுத்து, தங்களோடு படித்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்கிறார்கள். எத்தனையோ கல்லூரிகளில் ஒரு மாணவர் இறந்தால் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள், ஒரு நாள் விடுமுறை, அவ்வளவுதான். இங்கே ஒரு வளாகமே விளக்கை அணைத்து நிற்கிறது. இதை நான் மனதார மதிக்கிறேன்.

அதற்காகப் பாரம்பரியம் என்ற பெயரில் வருவதையெல்லாம் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. இந்தச் சடங்கு தொடங்கியதே 1898இல் லாரன்ஸ் சல்லிவன் ராஸ் இறந்தபோதுதான். அவர் அந்தக் கல்லூரியைக் காப்பாற்றிய தலைவர். அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் படைத்தளபதியும்கூட. வேட்டு வைக்கும் அணி இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. 2020இல் அவர் சிலையை அகற்றச் சொல்லி வளாகத்தில் போராட்டம் நடந்தது, நிர்வாகம் அகற்றவில்லை. அந்த அணியின் முன் நிற்க ஒரு கறுப்பின மாணவருக்கு மனம் வரவில்லை என்றால் அவரிடம் யார் என்ன விளக்கம் கேட்க முடியும்? பெண்கள் விஷயமும் அப்படித்தான். 1974இல் கேடட் படையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கேடட் இசைக்குழுவிலும் ராஸ் பெயர் கொண்ட அந்த அணியிலும் இடமில்லை. ஒரு மாணவி 1979இல் வழக்குப் போட்டார். 1985இல்தான் வழி திறந்தது. அதுவரை சொல்லப்பட்ட காரணமும் பாரம்பரியம்தான்.

பல்லாயிரம் மரக்கட்டைகளை அடுக்கி மாணவர்கள் கொளுத்தும் பெருநெருப்பும் அந்த வளாகத்தின் பெருமையாகவே இருந்தது. 1999 நவம்பர் 18 அதிகாலை, கட்டும்போதே அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தார்கள். அது ராணுவச் சடங்கு இல்லைதான். ஆனால் வழக்கம் என்று வந்துவிட்டால் பொறியியல் கல்லூரியில்கூட யாரும் அளந்து பார்ப்பதில்லை என்று அது காட்டியது.

நம் நாட்டிலும் இதே கேள்வி உண்டு. 1962 சீனப் போருக்குப் பிறகு கல்லூரி மாணவர்களுக்கு என்சிசி கட்டாயமாக்கப்பட்டது, 1968இல் அந்தக் கட்டாயம் போனது. 2017இல் டெல்லி ஜேஎன்யு துணைவேந்தர், வளாகத்தில் நிறுத்தி வைக்க ஒரு பீரங்கி வண்டி பெற்றுத் தாருங்கள் என்று மத்திய அமைச்சர்களிடம் கேட்டார். மாணவர்களுக்கு ராணுவத்தின் தியாகம் நினைவில் இருக்க வேண்டுமாம். சில்வர் டாப்ஸில் மாணவர்கள் தங்களில் ஒருவருக்காக நிற்கிறார்கள். பீரங்கி வண்டி மாணவர்களுக்குப் பாடம் நடத்த மேலிருந்து கொண்டுவந்து வைப்பது. முதலாவதை ஆதரிக்கிற நான் இரண்டாவதை எதிர்ப்பதில் எந்த முரணும் இல்லை.

ஒரு செவ்வாயன்று பகலில் கொடிமரத்தடிக்குப் போய் அந்த அட்டைகளைப் படித்துப் பாருங்கள். இரவு நிற்பதும் நிற்காததும் உங்கள் விருப்பம். ஆனால் வேட்டு வைக்கப்போவதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். போர் நடக்கும் நாடுகளிலிருந்தும் அங்கே மாணவர்கள் வருகிறார்கள். இருட்டில் எதிர்பாராத வேட்டு அவர்களை என்ன செய்யும் என்று யோசியுங்கள். புதிய மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்வதோடு, அன்று மாலையும் எல்லோருக்கும் செய்தி வர வேண்டும் என்று முதுகலை மாணவர் பேரவையில் எழுதிக் கேளுங்கள்.

புல்வெளியைப் பொறுத்தவரை, அந்த மாணவர் மையம் போர்களில் இறந்த முன்னாள் மாணவர்களின் நினைவாகக் கட்டியது. சுற்றியிருக்கும் புல்லும் அதோடு சேர்ந்தது. சுற்றிப் போவதில் நமக்கு நட்டமில்லை. தெரியாமல் கால் வைத்த ஒருவரிடம் "இது நினைவிடம்" என்று சொன்னால் போதும். யாராவது கத்தி அவமானப்படுத்தினால் புகார் கொடுங்கள்.

அன்புடன்.