காக்காயை விரட்டலாமா?

வணக்கம். எனக்கு 38 வயது. கணவர், இரண்டு பிள்ளைகளோடு மதுரையில் இருக்கிறேன். மாசி பிறந்த மறுநாள் கோவில்பட்டியில் அம்மா தவறிவிட்டாள். மாரடைப்பு. ராத்திரி பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தவள், விடிவதற்குள் போய்விட்டாள்.

அப்பா தனியாக இருக்கிறாரே என்று, பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டேன். பஸ் ஏறும்போது பெரியவன், "ஆச்சி வீட்டுக்கா, தாத்தா வீட்டுக்கா?" என்று கேட்டான். எனக்கு வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நான் அழவே இல்லை. வந்தவர்களுக்குக் காபி போடுவதும் பாய் விரிப்பதுமாக ஓடிவிட்டது. இங்கே வந்தபிறகுதான் மண்பானையில் தண்ணீர் ஊற்றும்போதும் கொடியில் துண்டு எடுக்கும்போதும் அழுகை முட்டுகிறது. அதே நாள் சாயங்காலம் நுங்கு விற்பவர் வந்தால், பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தின்கிறேன். தின்று முடித்ததும் என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அம்மா போய் முழுசாக மூன்று மாதம்கூட ஆகவில்லை, எனக்கு எப்படி இறங்குகிறது?

கத்திரி பிறந்தால் அம்மா வற்றல் போட ஆரம்பித்துவிடுவாள். விடியற்காலை நாலு மணிக்கே கூழ் கொதிக்கும் வாசம் வீடெல்லாம் இருக்கும். முதல் கரண்டியை ஆற்றி அப்பாவிடம் கொண்டுபோய், "உப்பு பாருங்க" என்பாள். பிறகு மொட்டைமாடியில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, வரிசையாக ஊற்றுவாள். பாதி காய்ந்ததைப் பிள்ளைகள் திருடித் தின்பார்கள். காக்காய்க்குக் காவலாக விரித்த குடையும் ஒரு குச்சியும் எப்போதும் மாடியில் கிடக்கும்.

இந்த வருஷம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. துக்க வீட்டில் போடக்கூடாது என்று சித்தி சொல்லிவிட்டாள். போன வருஷத்து வற்றல் ஒரு டப்பாவில் இரண்டு கை அளவுக்கு மிச்சம் இருக்கிறது. பெரியவன் அதைப் பொரித்துத் தரச் சொன்னபோது, நான் போட்ட சத்தத்தில் பிள்ளை நடுங்கிவிட்டான்.

அப்பா எதுவும் பேசுவதில்லை. காலையில் மாடிச் சுவரில் காக்காய்க்குச் சோறு வைக்கிறார், அவ்வளவுதான். அம்மா எடுத்துக் கொடுத்தால் மாத்திரை போட்டுக்கொள்பவர். எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று இப்போது அவருக்கே தெரியவில்லை. சின்னவளுக்கு ஏழு வயது. அவள் கேட்கிறாள்: "ஆச்சிதான் காக்காயா வர்றாங்கன்னு தாத்தா சொல்றாங்களே. அப்ப வற்றல் போட்டா காக்காயை விரட்டலாமா, கூடாதா?"

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மே மாதம் அம்மா போனில், "கூழ் கிண்டினா கை வலிக்குது, ஒரு வாரம் முன்னாடியே வா" என்றாள். பையனுக்கு நீச்சல் வகுப்பு இருந்ததால் நாலு நாள்தான் போனேன். எந்தக் கை என்றுகூட நான் கேட்கவில்லை.

மாமியார் வீட்டில், "மூணு மாசம் ஆகப்போகுதே, இன்னுமா?" என்கிறார்கள். துக்கத்துக்கு ஐந்து படி உண்டு என்று நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பினாள். நான் எந்தப் படியில் நிற்கிறேன்? இல்லை, எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கையிலிருந்தே தொடங்குகிறேன். உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தோன்றுகிறது. கொதிக்கிற கூழை அடிப்பிடிக்காமல் கிண்டினால் யாருக்குமே கை வலிக்கும். அன்றைக்கு உங்கள் காதில் விழுந்தது, வருஷா வருஷம் மகளைச் சீக்கிரம் வரச் சொல்லும் ஓர் அம்மாவின் குரல். அந்த வலிக்கும் மாசியில் நடந்ததற்கும் தொடர்பு இருந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் இன்று தெரிந்த முடிவை வைத்துக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு முந்தைய உங்களை விசாரிக்கிறீர்கள். அன்று உங்கள் கையில் இருந்தது ஒரு போன் பேச்சும் ஒரு நீச்சல் வகுப்பும்தான். இன்னும் கொஞ்ச நாள் அவளோடு இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் வேறு விஷயம். அது போகாது, போகவும் வேண்டாம். அந்த ஏக்கம்தான் குற்றமாக வேஷம் போட்டு வந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். இதை உங்கள் கணவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் எனக்கு எழுத முடிந்ததை அவரிடமும் சொல்ல முடியும்.

அந்த ஐந்து படிகளை விட்டுவிடுங்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. அது பின்னாளில் இழந்தவர்கள் எல்லோருக்கும் பாடத்திட்டம் மாதிரி ஆகிவிட்டது. அதில் உங்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் கோளாறு உங்களிடம் இல்லை. நீங்கள் எழுதிய அழுகைக்கும் நுங்குக்கும் நெருக்கமான விளக்கம் 1999-இல் வந்தது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஷுட் என்ற இருவர் சொன்னது. துக்கப்படுகிற மனம் இரண்டு பக்கமும் போய்ப் போய் வரும். ஒரு நேரம் இழப்பின் பக்கம், இன்னொரு நேரம் சமையல், பிள்ளை, சிரிப்பு என்று வாழ்க்கையின் பக்கம். இந்தப் போக்குவரத்துதான் ஆளைத் தாங்குகிறது. பதினாறு நாள் காபி போட்டபோது நீங்கள் முழுக்க ஒரு பக்கம் நின்றீர்கள். இப்போது மறுபக்கம் போக நேரம் கிடைத்திருக்கிறது. நுங்கு தொண்டையில் இறங்கியது அம்மாவுக்குச் செய்த துரோகம் ஆகாது. பிள்ளைகளை உட்கார வைத்து நுங்கு கொடுக்க உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

மூன்று மாதம் மிகக் குறைவு. நீடித்த துக்கத்தை நோயாகக் கணக்கில் எடுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடுகூட, குறைந்தது ஆறு மாதமாவது கடக்க வேண்டும் என்கிறது. அதற்குப் பிறகும் அன்றாட வேலை எதுவும் ஓடாத அளவுக்குத் துக்கம் கனத்தால்தான் அந்தப் பெயர். நீங்கள் அங்கே இல்லை. ஆனால் இந்த வெயிலில், கரண்ட் போய்ப் போய் வருகிற ராத்திரிகளில் தூக்கம் கெட்டால் எந்தத் துக்கமும் இரண்டு மடங்காகத் தெரியும். மதியம் பிள்ளைகள் படுக்கும்போது நீங்களும் படுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் உங்களுக்கோ அப்பாவுக்கோ தலைகாட்டினால் ஆறு மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே 14416-ஐ அழையுங்கள். டெலி-மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உங்களைவிட அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. துணையை இழந்த முதல் சில மாதங்களில் வயதானவர்களின் உடம்பு சட்டென்று தளர்ந்துவிடும். மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. இந்த வாரமே மாத்திரைகளையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு அவருடைய டாக்டரிடம் போங்கள். ரத்த அழுத்தத்துக்குப் போடும் சில மாத்திரைகள் உடம்பின் நீரைக் குறைக்கும். வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து, மேலே "காலை", "ராத்திரி" என்று பெரியவனை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பேசாத மனிதரை, "என்னப்பா யோசிக்கிறீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். ஒரு வேலையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பேச்சு கை வழியாகத்தான் வரும்.

சின்னவள் கேட்ட கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஏழு வயதுக்கு, செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது பெரும்பாலும் புரியும். "தூங்குகிறாள்", "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்பதெல்லாம்தான் குழப்பும். "ஆச்சி இறந்துட்டாங்க, திரும்ப வரமாட்டாங்க. நமக்கு அவங்களை நினைச்சுக்கிட்டே இருக்கணும்னு ஆசை, அதனால காக்காய்க்குச் சோறு வைக்கிறோம்" என்று சொல்லுங்கள். அப்போது அழுகை வந்தால் வரட்டும், அவள் பார்க்கட்டும். தாத்தாவின் நம்பிக்கையைப் பொய் என்று சொல்லத் தேவையில்லை. காக்காய்க்குச் சோறு வைத்த பிறகு வற்றலுக்குக் காவல் இருக்கலாம். ஆச்சி உயிரோடு இருந்தபோது காக்காயை விரட்டியவள்தானே. குச்சியைச் சின்னவளிடமே கொடுங்கள்.

பெரியவனிடம் இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். "உன்மேல கோபம் இல்லடா, ஆச்சி போட்டது தீர்ந்துடுமேன்னு பயந்துட்டேன்" என்று சொன்னால் போதும், அவனுக்குப் புரியும். அவனும் ஆச்சியைத் தொலைத்தவன்தான். அந்த வற்றலைக் கேட்டது பசிக்காக மட்டும் இருக்காது. டப்பாவிலிருந்து ஐந்தாறு எடுத்து அவன் தட்டில் பொரித்துப் போடுங்கள். மிச்சத்தை என்ன செய்வது என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம்.

இந்த வருஷம் வற்றல் போடுவதா வேண்டாமா? சித்தி சொன்ன வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும். அப்பாவைக் கேளுங்கள், அவர் சொல்வதுதான் உங்கள் வீட்டுக்கு முறை. வேண்டாம் என்றால் பேசாமல் விட்டுவிடுங்கள், அடுத்த சித்திரைக்குப் பார்த்துக்கொள்ளலாம். சரி என்றால் அம்மா போடும் அளவுக்கு எல்லாம் வேண்டாம், ஓர் ஆழாக்கு அரிசி போதும். கை வலித்தால் பெரியவனிடம் கரண்டியைக் கொடுங்கள். கூழ் வெந்ததும் முதல் கரண்டியை ஆற்றி, உப்பு பார்க்க அப்பாவிடம் கொண்டுபோங்கள்.