பயிற்சியில் மடிந்தவர்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் லீட்ஸ் நகரில் பத்தாண்டுகளாக வசிக்கிறேன். சென்ற மாதம் நண்பர்களோடு யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியிலுள்ள பக்டன் பைக் என்ற மலையில் ஏறினேன். உச்சிக்கு அருகே ஒரு சிலுவை நிற்கிறது. அதன் பீடத்தில் விமானத்தின் உடைந்த உலோகத் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள்; கூடவே ஒரு சிறிய நரித்தலையும் இருக்கிறது. 1942-இல் பயிற்சிப் பறப்பின்போது அங்கே மோதி இறந்த ஐந்து போலந்து விமானப்படையினரின் நினைவாக வைத்தது என்று அறிந்தேன். இறங்கும்போது எங்களுக்குள் விவாதம் எழுந்தது. எதிரியின் முகத்தையே பார்க்காமல், மூடுபனியில் மலைமேல் மோதியவர்களைப் போரில் இறந்தவர்களோடு எப்படிச் சேர்ப்பது, இது சாலை விபத்தைப் போன்றதுதானே என்றார் நண்பர். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. நகரங்களை எரித்தவர்களை நினைவுகூர்வதைவிட, யாரையும் கொல்லாமல் இறந்துபோன இவர்களை நினைவுகூர்வது மனத்துக்கு எளிதாக இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், லீட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

நரித்தலையிலிருந்து தொடங்குகிறேன். 1942 ஜனவரி இறுதியில், பனிப்புயலில் வழிதவறிய அந்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் மலையில் மோதியபோது அதிலிருந்த அறுவரில் பின்புறத் துப்பாக்கி வீரர் மட்டுமே பிழைத்தார். கணுக்கால் முறிந்த நிலையில், எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் தவித்தவருக்குப் பனியில் ஒரு நரியின் காலடித் தடம் தென்பட்டது. பசித்த நரி இந்தக் குளிரில் மனிதர் வாழும் இடத்தை நோக்கித்தான் போகும் என்று கணித்து, அந்தத் தடத்தைப் பற்றிக்கொண்டே தவழ்ந்து கிரே என்ற சிற்றூரை அடைந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சிலுவையை எழுப்பியவர் அவர்தான். தோழர்களுக்குச் சிலுவை வைத்தவர் தனக்கு வழிகாட்டிய நரியையும் மறக்கவில்லை.

எதிரியைப் பார்க்காதவர்கள் என்று உங்கள் நண்பர் சொன்னது பொதுவாகப் பயிற்சி மாணவர்களுக்குப் பொருந்தலாம். போலந்துக்காரர்கள் விஷயத்தில் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1939-இல் நாடு வீழ்ந்தபின் ருமேனியா, ஹங்கேரி, பிரான்ஸ் என்று சுற்றி பிரிட்டனை வந்தடைந்தவர்கள் அந்தப் படையில் பலர். மொழியும் விமானமும் புதியவை என்பதால் பயிற்சியை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

அந்தப் பயிற்சி எப்படி நடந்தது என்று தெரிந்தால் ‘சாலை விபத்து’ என்ற ஒப்புமை நிற்காது. விமானி, வழிகாட்டி, குண்டுவீசுபவர், வானொலி இயக்குபவர், துப்பாக்கி வீரர்கள் ஆகியோர் தனித்தனிப் பள்ளிகளில் பயின்று முடித்து, போர்ப் பயிற்சிப் பிரிவு ஒன்றுக்கு வந்து சேர்வார்கள். அங்கே எல்லோரையும் ஒரு பெரிய விமானக் கொட்டகைக்குள் விட்டு, நீங்களே பேசிக் குழு சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். இராணுவம் ஆணையிடாமல் விட்டுவைத்த அபூர்வமான இடங்களில் இது ஒன்று. அன்று காலைவரை முன்பின் அறியாத இளைஞர்கள், ஒருவனுடைய சிரிப்பையோ இன்னொருவனுடைய ஊரையோ பார்த்துச் சேர்ந்துகொண்டு, அதன்பின் ஒன்றாகப் பறந்து, பல வேளைகளில் ஒன்றாகவே இறந்தார்கள். எல்லோரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள்; பெரும்பாலோருக்கு வயது இருபதை ஒட்டித்தான்.

அவர்களுக்குக் கிடைத்தவையோ பெரும்பாலும் போர்ப் பிரிவுகளில் உழைத்துத் தேய்ந்த பழைய வெலிங்டன், விட்லி வகைக் குண்டுவீச்சு விமானங்கள். விளக்குகள் அணைக்கப்பட்ட நாட்டின் மேல், இரவில், மேகத்துக்குள், கணக்குப் போட்டே வழி கண்டுபிடிக்கப் பழக வேண்டும். காற்று கணித்ததைவிடப் பலமாக வீசினால் சமவெளி இருக்க வேண்டிய இடத்தில் மலை இருக்கும். உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் காட்டும் கருவி. வழியில் அழுத்தம் குறைந்துவிட்டால், இருப்பதைவிட அதிக உயரத்தில் பறப்பதாகவே அது காட்டும். இறக்கையில் பனி உறையும். இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றால், அனுபவமற்ற விமானிக்கு அந்த இரவு பெரும்பாலும் அதோடு முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் விபத்துப் பதிவு அட்டையில் ‘விமானியின் தவறு’ என்று எழுதி முடித்துவிட முடிந்தது. அது பொய்யில்லை, முழு உண்மையுமில்லை. விபத்து நடக்கும் என்று தெரிந்தே, அந்த விலையைக் கொடுக்கச் சம்மதித்தே, இத்தனை வேகத்தில் இத்தனை பேரைப் பழக்கினார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையணியில் பணியாற்றிய ஏறத்தாழ 1,25,000 விமானக் குழுவினரில் 55,573 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள். அமெரிக்கா தன் சொந்த மண்ணிலேயே ஏறத்தாழ 15,000 பேரைப் பயிற்சி விபத்துகளில் இழந்தது.

பயிற்சிக்கும் போருக்கும் நடுவே நாம் போடும் கோட்டை அந்தப் படையே மதிக்கவில்லை. 1942 மே 30 இரவு ஜெர்மனியின் கொலோன் நகரின் மேல் ஏவப்பட்ட 1,047 விமானங்களில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமானவை பயிற்சிப் பிரிவுகளிலிருந்து வந்தவை. ஆயிரம் என்ற எண்ணிக்கையை எட்டுவதற்காகப் பயிற்றுநர்களையும் மாணவர்களையும் சேர்த்தே அனுப்பினார்கள். மற்ற நாட்களிலும், பயிற்சியின் கடைசிப் பாடம் என்று பிரான்சின் மேல் துண்டறிக்கை வீசிவர அனுப்புவது வழக்கம்.

ஆயினும் அரசாங்கத் தாளில் அந்தக் கோடு இருந்தது. இழப்புப் பட்டியல்களில் ‘போரில் கொல்லப்பட்டார்’ என்றும் ‘பணியில் இருக்கையில் இறந்தார்’ என்றும் இரண்டு தலைப்புகள். இரண்டாவதன் கீழ் மகனின் பெயரைக் கண்ட பெற்றோருக்கு, மகன் போரிட்டு விழுந்த இடம் என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்ல ஒரு ஊரின் பெயர்கூட இல்லை. 2013-இல், போர் முடிந்து ஏறத்தாழ எழுபதாண்டுகள் கழித்து, குண்டுவீச்சுப் படையணியினருக்கென்று பதக்கத்தில் பொருத்தும் பட்டை ஒன்றை வழங்கியபோதும், குறைந்தது ஒரு போர்ப் பறப்பாவது செய்திருக்க வேண்டும் என்றே விதி வகுத்தார்கள். கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் வேறு வழியை எடுத்தது. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைப்பணியில் இருந்தபோது இறந்த எவரும், எப்படி இறந்திருந்தாலும், அதன் கணக்கில் போரில் இறந்தவரே. ஜெர்மனியின் மேல் சுடப்பட்டவருக்கும் சொந்த ஓடுபாதையில் எரிந்தவருக்கும் ஒரே அளவுக் கல். உங்கள் நண்பரின் கேள்விக்கு நான் தரக்கூடிய விடையும் அந்தக் கல்தான்.

உங்கள் எண்ணத்தோடுதான் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் யாரையும் கொல்லவில்லை என்பது உண்மை. இன்னும் சில வாரம் உயிரோடு இருந்திருந்தால், அந்த மாணவர்களில் பெரும்பாலோர் ஹாம்பர்க், எஸ்ஸன் போன்ற ஜெர்மன் நகரங்களின் மீது குண்டுவீசப் பறந்திருப்பார்கள். அதற்காகத்தான் அந்தப் பயிற்சியே. வாய்ப்புக் கிட்டாததைக் குற்றமின்மை என்று எண்ணிக்கொண்டால், அஞ்சலி செலுத்த நமக்குத் தோதான இறந்தவர்களை நாமே பொறுக்கி எடுத்தவர்களாகிறோம். லண்டன் கிரீன் பார்க்கில் 2012-இல் திறந்த குண்டுவீச்சுப் படையணி நினைவகத்தில் ஏழு வெண்கல வீரர்கள் நிற்கிறார்கள். குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டவரையும் நினைவுகூரும் வாசகமும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. அது பழிக்குப் பதிலாகிவிடாது என்றாலும், இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது சரியென்றே நினைக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேபிரிட்ஜ் நகரின் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு வெலிங்டனைப் பார்த்தேன். மேலே போர்த்தியிருந்த துணி போய், கூடை முடைந்தது போன்ற உலோகச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் நிற்பவரின் சட்டை நிறம் தெரிந்தது. இத்தனை மெல்லிய ஒன்றுக்குள் அமர்ந்தா அவர்கள் பனிமலைகளைக் கடந்தார்கள் என்று திகைத்தேன். 1939 டிசம்பர் 18 அன்று, ஜெர்மன் கடற்கரையை ஒட்டி நடந்த, சென்றவற்றில் ஏறத்தாழ பாதி அழிந்துபோன தாக்குதலிலிருந்து திரும்பிவந்த விமானம் அது. போர் கொல்லாத அதைப் பயிற்சி விழுங்கியது. 1940-இன் கடைசி நாளில், ஸ்காட்லாந்தின் லாஸிமவுத் தளத்திலிருந்து வழிகாட்டுதல் பயிற்சிக்குக் கிளம்பியது. பனிப்பொழிவில் எஞ்சின் ஒன்று நின்றது. மற்றவர்களைக் குதிக்கச் சொல்லிவிட்டு, விமானிகள் இருவரும் அதை நெஸ் ஏரியில் இறக்கி உயிர் பிழைத்தார்கள். குதித்தவர்களில் பின்புறத் துப்பாக்கி வீரருக்கு மட்டும் பாரசூட் விரியவில்லை.

1976-இல் அந்த ஏரியின் புகழ்பெற்ற அரக்கனைத் தேடியவர்களுக்கு அரக்கனுக்குப் பதில் இந்த விமானம் கிடைத்தது. 1985-இல் மேலே தூக்கி, வால்விளக்குக் கம்பிகளைப் புதிய பேட்டரியில் இணைத்தார்கள். நாற்பத்தைந்து ஆண்டு நீரில் கிடந்த விளக்கு எரிந்தது. அந்த வீரர் அமர்ந்திருந்த இருக்கை அந்த விளக்குக்கு மிக அருகில்தான்.

லீட்ஸிலிருந்து ஹாரோகேட் தொலைவில்லை. அடுத்த விடுமுறையில் நண்பரையும் அழைத்துக்கொண்டு அங்கே ஸ்டோன்ஃபால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்களின் கற்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலோர் விமானப்படையினர், அவர்களிலும் கனடாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். பெயர், பதவி, தேதி, வயது, சிலவற்றில் குடும்பத்தார் தந்த ஒரு வரி ஆகியவற்றை அந்தக் கற்கள் சொல்லும். எப்படி இறந்தார் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. வரிசையில் ஒரே தேதியைத் தாங்கிய கற்கள் அடுத்தடுத்து வந்தால், அங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அது ஒரு குழுவாக இருக்கக்கூடும்.

அன்புடன்.