கடல் தண்ணீர் பட்ட போன்: அரிசியில் இருந்து எடுத்துவிடுங்கள்

சகோ, காசிமேட்டில் படகில் இறங்கும்போது அப்பாவின் போன் கடல் தண்ணீரில் நனைந்தது, அரிசியில் போட்டும் சார்ஜ் செருகினால் ‘ஈரம் இருக்கிறது’ என்றே காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் போனை அணையுங்கள். சார்ஜரை மறுபடி மறுபடி செருகிப் பார்க்க வேண்டாம். ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால் சார்ஜிங் துளைக்குள் இருக்கும் உலோகப் பின்கள் சீக்கிரம் அரித்துவிடும்.

அரிசித் தூசு துளைக்குள் போகும். 2024-ல் ஆப்பிளே அரிசி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்றில் ஒரு நாள் வையுங்கள்.

ஆனால் உங்களுக்கு ஈரத்தைவிடப் பெரிய பிரச்சினை உப்பு. தண்ணீர் காய்ந்தாலும் அது தங்கிவிடும். நம் கடற்கரைக் காற்றில் திரும்பத் திரும்ப ஈரத்தை இழுக்கும். பெட்டியில் ஐபி68 (தூசு, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு) என்று போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. டார்ச் அடித்துத் துளைக்குள் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருந்தால், கடையில் திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் (சீக்கிரம் காய்ந்துவிடும் சுத்தம் செய்யும் திரவம்) சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்புறம், கடைக்காரர் ‘மதர்போர்டு (போனின் மெயின் போர்டு) போச்சு’ என்றால் உடனே நம்பிவிடாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜிங் துளை இருப்பது தனியான ஒரு சின்ன போர்டில். முதலில் அதை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.